வேண்டினது அவரு, மிதிக்கிறது நான்

வேண்டிக்கிட்டது அவராம், நடக்க வேண்டியது நானாம். எந்த ஊரு நியாயம் இது? நேத்து சோத்துத் தட்டைக் கட்டில்கிட்ட வச்சுட்டு, சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிடந்த எங்கிட்ட, மனுஷன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டுச் சொல்றாரு: "பழனியாயி, உனக்கு ஆபரேசன் நடந்தப்ப ஒரு வேண்டுதல் வச்சுட்டேன். நீ பொழைச்சு வந்தா நார்த்தாமலை மாரியம்மனுக்கு உன்னை வெறுங்காலோட நடந்து வரச் சொல்றேன்னு." என் காலை அடகு வைக்க இவரு யாரு? அதுவும் வச்சது யாரு, இளஞ்சேரன். அப்பன் ஆத்தா ஆசையா வச்ச மாரிமுத்துங்கிற பேரு மூடநம்பிக்கைன்னு சொல்லி மாத்திக்கிட்ட இளஞ்சேரன். கறுப்புச் சட்டை இளஞ்சேரன். எங்க கல்யாணத்துக்கு ஐயரும் வேணாம் தாலியும் வேணாம்னு ரெண்டு மாலையோட முடிச்ச ஆளு. கோயில் வாசல்ல மழைக்குக்கூட ஒதுங்காம நனைஞ்சுக்கிட்டே நின்ன ஆளு. அந்த ஆளு போயி, மாரியாத்தா என் பொண்டாட்டியக் காப்பாத்துன்னு கையேந்துனாராம். கேட்ட உடனே எனக்குக் கோவம்கூட வரல, அருவருப்புதான் வந்துச்சு. விடியக்காலம் கிளம்பினா வெயிலுக்கு முன்னாடி பாதி தூரம் போயிடலாம்னு வேற யோசனை. விடியக்காலம் நான் கிளம்பல. வெயில் சுள்ளுன்னு ஏறுற வரைக்கும் படுத்துக்கிட்டே வைதேன். அப்புறம் எந்திரிச்சேன். எந்திரிச்ச வேகத்துல கொடியில கெடந்த அவரு கறுப்புச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல மாட்டிக்கிட்டு, கொட்டாயில ஒரு வருஷமா சாத்தி வச்சிருந்த என் சைக்கிளை இழுத்து வெளிய போட்டேன். நடக்கணுமா, நடக்க மாட்டேன். வெறுங்காலா, செருப்பு போட்டுக்குவேன். விடியக்காலமா, உச்சி வெயில்ல போவேன், கத்திரி வெயில்ல போவேன். "பழனியாயி, வெயிலு!"ன்னு பின்னாடி கத்துனாரு. வெயிலை உங்க மாரியாத்தா பாத்துக்குவா, கும்பிட்டுக்கிட்டே உக்காந்திருங்கன்னு சொல்லிட்டு மிதிச்சேன்.

மிதிச்சதும் தெரு முழுக்கத் திரும்பிப் பாக்குது. பாரு, நல்லாப் பாரு. டீக்கடை பெஞ்சுல இருந்தவன் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவே மறந்துட்டான். மாவு மில்லு வாசல்ல நின்னவ, "ஐயோ, அக்கா சைக்கிள்ல போவுது"ங்கிறா, என்னமோ பொணம் எந்திரிச்சுப் போற மாதிரி. இவதான் ஆஸ்பத்திரியிலருந்து வந்த மறுநா ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்து, என் மூஞ்சியப் பாக்காம என் நெஞ்சையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவ. எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கணுமாம். இடது பக்கம்டி, நல்லாப் பாத்துக்கன்னு சேலையை விலக்கிக் காட்டியிருக்கலாம், விட்டுட்டேன். வந்தவ எல்லாம் இப்படித்தான். ஒருத்தி ஆப்பிள் கொண்டாந்து வச்சுட்டு, எங்க பெரியம்மாவுக்கும் இதே வியாதிதான், நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டாவது வருஷம் போயிருச்சுன்னு ஆறுதல் சொல்றா. பெத்த பொண்ணு ஓவியா பெங்களூர்லருந்து போன்ல, "அம்மா, பாசிட்டிவா இருங்கம்மா"ங்குது. கழுதை, பாசிட்டிவ்னு ரிசல்ட் வந்ததாலதானே அறுத்தே எடுத்தாங்க. திருச்சி ரோட்டுல ஏறியாச்சு. தாரு உருகிச் செருப்பு ஒட்டுற வெயிலு. ஆள் நடமாட்டமே இல்ல, நாய்கூட லாரிக்கு அடியில படுத்திருக்கு. பின்னாடி டுர்ர்னு சத்தம். திரும்பிப் பாக்கவே வேணாம், அந்த மொபெட்டு சத்தம் எனக்குத் தெரியும். மின்வாரியத்துல லைன்மேனா இருந்தப்ப வாங்கினது, மனுஷன் ரிட்டயர் ஆயிட்டாரு, அது இன்னும் ஆகல. என்னை முந்தவும் மாட்டேங்குது, நிக்கவும் மாட்டேங்குது. ஒரு நூறடி தள்ளி அப்படியே வருது. வரட்டும். வேண்டிக்கிட்ட சாமான் பத்திரமாப் போய்ச் சேருதான்னு பாக்கணும்ல.

முதல் கொஞ்ச தூரம் ஹேண்டில் ஆடிக்கிட்டே இருந்துச்சு. இடது கையை அழுத்த பயம். அந்தக் கையில பாரம் தூக்காதே, ஊசி போடாதே, இறுக்கமா வளையல் போடாதேன்னு டாக்டரம்மா சொல்லிச் சொல்லி அது என் கையே இல்லாம போயிருச்சு, யாரோ வச்சுட்டுப் போன சாமான் மாதிரி மடியிலயே வச்சுப் பழகிட்டேன். இப்ப அது ஹேண்டிலைப் பிடிக்குது. பிடிக்குமா? பிடிக்குது. ஒரு பள்ளம் வந்துச்சு, பிரேக்கை அமுக்கினேன், நின்னுச்சு. கையும் நின்னுச்சு, சைக்கிளும் நின்னுச்சு. அட. மறுபடி மிதிச்சேன். வேர்வை நெத்தியிலருந்து இறங்கி மூக்கு நுனியில நின்னு வாயில விழுது, உப்பு. எவ்வளவு நாளாச்சு இந்த உப்பு நாக்குல பட்டு. மருந்து ஏத்துன மாசம் முழுக்க வாயில ஒரு தகர ருசி, எதைத் தின்னாலும் தகரம், தண்ணியும் தகரம். இப்ப உப்பு. இதைத் திங்கவா இவ்வளவு தூரம் வரணும், சீ, என்ன புத்தி இது. ஆனா நக்கினேன். யாரும் பாக்கல. பாத்தாத்தான் என்ன, பின்னாடி வர்றவருக்கு என் முதுகுதானே தெரியும்.

முதுகைப் பாத்துக்கிட்டே வர்றது அவருக்குப் புதுசா என்ன. அறிவொளி இயக்கக் காலத்துல ஊரு ஊருக்குப் பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டோமே, அப்பவும் பின்னாடிதான் ஓடி வந்தாரு. கல்லுடைக்கிற பொம்பளைங்க, களை எடுக்கிற பொம்பளைங்க, நாங்க அஞ்சாறு கொமரிங்க, எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துல வாடகை சைக்கிளை வச்சுக்கிட்டு விழுந்து எந்திரிச்சோம். இந்த மனுஷன் கேரியரைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வருவாரு. "பிடிச்சிருக்கேன் தோழர், பயப்படாம மிதிங்க, பிடிச்சிருக்கேன்." குரலு காதுக்குப் பக்கத்துலயே கேட்ட மாதிரி இருந்துச்சு. நானும் நம்பி மிதிச்சேன், மிதிச்சேன், மைதானத்தோட அந்தக் கோடிக்கே போயிட்டேன். திரும்பிப் பாத்தா மனுஷன் இந்தக் கோடியில தண்ணிப் பானைகிட்ட நின்னு மொண்டு குடிச்சுக்கிட்டே, "பிடிச்சிருக்கேன்!"னு கத்துறாரு. பாத்ததுதான் தாமதம், பொத்துன்னு விழுந்தேன். முழங்கால் பேந்து போச்சு. போயி அந்தச் சொம்பைப் பிடுங்கி எறிஞ்சு, ஏய்யா, வாய்கூசாமப் பொய் சொல்றியே நீயெல்லாம் ஒரு ஆளான்னு கேட்டேன். அடுத்த வருஷம் அந்த ஆளையே கட்டிக்கிட்டேன், அது வேற கூத்து. பேரை மாத்துவோம் பழனியாயி, நல்ல தமிழ்ப் பேரா வைப்போம்னாரு. உன் பேரை நீ மாத்திக்க, என் பேரு மேல கை வச்சா நடக்கிறதே வேறன்னேன். அதோட வாயை மூடினாரு. முப்பது வருஷத்துல என்னை ஒருக்காகூட ஒரு வேலை செய்ய வச்சதில்ல, வைக்கவும் முடியாது. இதைச் செய்னு சொன்னா நான் செய்ய மாட்டேன், செய்யாதேன்னா செய்வேன். அது தெரிஞ்ச மனுஷன், போயும் போயும் வெறுங்காலோட நடன்னு வேண்டிக்கிட்டு வந்திருக்காரே, இவ்வளவு நாளு கூட வாழ்ந்து என்னத்தைத் தெரிஞ்சுக்கிட்டாரு?

அதுதான் கிடந்து அரிக்குது. நடக்கிறது பெரிய காரியமா? போகச் சொன்னா போயிட்டுத்தான் வருவேன். நான் என்ன கறுப்புச் சட்டையா, எங்க ஆத்தா பால்குடம் எடுத்தவதான். ஆனா இவரு கும்பிட்டாருங்கிறது இருக்கே. ஆபரேசன் தியேட்டர் வாசல்ல, எல்லாரும் பாக்க, கண்ணை மூடிக்கிட்டு, மாரியாத்தான்னு. நினைச்சுப் பாக்கவே கூசுது. எத்தனை மேடையில எத்தனை பேருகிட்டச் சண்டை போட்ட ஆளு. சொந்த அண்ணன் செத்தப்ப, காரியத்துல தேங்காய் உடைக்க மாட்டேன்னு நின்னு உறவையே முறிச்சுக்கிட்ட ஆளு. அந்த ஆளை ஒரு கட்டி, கொட்டைப்பாக்கு அளவு கட்டி, என் நெஞ்சுல வந்த கட்டி, குப்புறத் தள்ளிருச்சே. அப்ப நான் சாகப்போறேன்னு டாக்டருங்க இவருகிட்டச் சொல்லியிருக்கணும். எங்கிட்டச் சொல்லாததை இவருகிட்டச் சொல்லியிருக்கணும். இல்லாட்டி இவரு எதுக்கு விழுவாரு? இதை நினைச்சதும் பெடலை இன்னும் ஓங்கி மிதிச்சேன். புதன்கிழமை திருச்சிக்கு ஸ்கேனுக்கு வரணுமாம். வர மாட்டேன்னுட்டேன். எடுத்தது போதும், இன்னும் உள்ள தேடி என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறீங்க. இருந்தா இருக்கட்டும், தெரியாமப் போறேன். அதுக்குத்தான் சுவத்தைப் பாத்துப் படுத்தேன். சுவரு ஒண்ணும் கேக்காது. மனுஷன் தினமும் கட்டில்கிட்ட வந்து நிப்பாரு, "புதன்கிழமை..."ன்னு ஆரம்பிப்பாரு, நான் போர்வையை இழுத்து மூடிக்குவேன். போயிருவாரு. போயி கொட்டாயில எதையோ தட்டிக்கிட்டு, தேய்ச்சுக்கிட்டு இருப்பாரு. ரிட்டயர் ஆனவருக்கு வேற என்ன வேலை.

ஏத்தம் வந்துருச்சு. இந்த ரோட்டுல இந்த ஒரு ஏத்தம்தான் ஏத்தம். ரெண்டு பக்கமும் தைலமரக் காடு, ஒரு பொட்டு நிழல் தராத மரம், வாசனை மட்டும் தலைவலித் தைலம் கணக்கா மூக்குல ஏறுது. சின்ன வயசுல இதுல நின்னு மிதிப்பேன். இப்ப நின்னு மிதிக்க முடியுமா? உக்காந்தே மிதிடி, மானத்தை வாங்காதே. தொடை ரெண்டும் எரியுது. கறுப்புச் சட்டை முதுகுல தோசைக்கல்லு. நெஞ்சு திம்திம்னு அடிக்குது, அடிக்கிறது அந்தப் பக்கமா, இல்லாத பக்கமா? தையல் போட்ட இடம் இழுக்குது. இழுக்கிறதா, வலிக்கிறதா? இழுக்கிறதுன்னா தோலு, வலிக்கிறதுன்னா திரும்ப வந்துருச்சு. இழுக்கத்தான் இழுக்குது. இல்ல, வலிக்குது. இல்ல, இழுக்குது. ஒரு கார் பக்கத்துல வந்து மெதுவாப் போகுது, கண்ணாடி எல்லாம் மூடி, உள்ள ஒரு குடும்பம் ஸ்வெட்டர் போடாத குறையா உக்காந்திருக்கு, ஒரு பொம்பளை போனை எடுத்து என்னைப் படம் பிடிக்கிறா. எடுத்துக்கடி. இதைப் பாத்து நாலு பேரு லைக் போடுவான். வேர்வைன்னா என்னன்னே தெரியாது உங்களுக்கு. நின்னுட்டேன். பெடல் மேல எந்திரிச்சு நின்னுட்டேன்! எப்ப நின்னேன்னு தெரியல, கார்காரி மேல இருந்த எரிச்சல்ல உடம்பு தானா எந்திரிச்சிருச்சு. முழு உடம்பும் பெடல்ல இறங்குது, சைக்கிள் ரெண்டு பக்கமும் ஆடுது, மூச்சு நாய் கணக்கா இரைக்குது, மேல மேல ஏறுது. இழுக்கிறதா வலிக்கிறதான்னு கேக்கக்கூட ஆளு இல்ல உள்ள. அந்த வெறும் இரைப்பு மட்டும்தான் இருக்கு, அதுல அவ்வளவு சுகம். வெக்கமாத்தான் இருக்கு சொல்ல, ஆனா சுகம்.

ஏத்தத்து உச்சியில ஒரு நுங்குக்காரன். ஓலைப் பந்தலு, ஒரு சாக்கு. ஸ்டாண்டு போடக்கூடத் தெம்பில்லாம மரத்துல சாத்துனேன். "அக்கா, இந்த வெயில்லயா? கறுப்புச் சட்டை வேற!"ங்கிறான். நுங்கை வெட்டுடா, நியாயம் பேசாதேன்னேன். பெருவிரலை விட்டு நோண்டி உறிஞ்சினேன், கழுத்து வழியா வழிஞ்சு சட்டைக்குள்ள இறங்குச்சு, அந்த இல்லாத இடத்துலயும் குளுகுளுன்னு ஓடிச்சு. அந்த இடத்துல எனக்கு உணர்ச்சியே இல்லன்னு நினைச்சிருந்தேன். ஓரத்துல இருக்கு போல. நுங்குக்காரன் என் தோளுக்கு மேல எட்டிப் பாத்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்தா புளியமரத்துக்கிட்ட மொபெட்டுல ஒரு ஆளு நிக்கிறான். நீங்க வந்ததுலருந்து உங்களையே பாக்குறான். கூப்பிட்டு ரெண்டு வைக்கவா?"ன்னான். "வேணாம், அது என் வீட்டுக்காரரு"ன்னேன். "அப்ப ஏன் அங்க நிக்கிறாரு?" "பக்கத்துல வந்தா நான் ரெண்டு வைப்பேன்." அவன் சிரிச்சான். நான் சிரிக்கல. அவருக்கும் நாலு வெட்டிக் குடுத்துட்டு வான்னு சொன்னேன், வேண்டுதல்காரரு மயங்கி விழுந்தா மாரியாத்தாளுக்குப் பதில் சொல்ல முடியாது. போயிட்டு வந்தவன் என் சைக்கிள் டயரை அமுக்கிப் பாத்து, "காத்து கல்லு மாதிரி இருக்குக்கா. செயினு எண்ணெயில மினுங்குது. பழைய வண்டியை நல்லா வச்சிருக்கீங்க"ன்னான். பின்னே, என் வண்டிடா அது, உங்க காலத்து டப்பாவான்னு பெருமையடிச்சுட்டு ஏறி உக்காந்தேன்.

இறக்கம். ஐயோ, இந்த இறக்கத்தை மறந்தே போயிட்டேனே. மிதிக்கவே வேணாம், காலைத் தூக்கிக்கிட்டா போதும். காத்து அனலாத்தான் அடிக்குது, ஆனா வேர்த்த உடம்புல பட்டதும் ஜில்லுன்னு மாறுது, இது என்ன மாயமோ. அனலே குளுந்து போற அளவுக்கு வேர்த்திருக்கேன். சட்டை புஸ்ஸுன்னு ஊதுது. மருந்துல கொட்டிப்போயி இப்ப ரெண்டு விரக்கடை முளைச்சிருக்கிற முடிக்குள்ள காத்து பூந்து மண்டையைத் தடவுது. நீளமுடி இருந்தப்ப இது தெரிஞ்சதில்ல. அறுத்ததும் கொட்டுனதும் போக மிச்சம் இருக்கிற இந்த உடம்பு இறக்கத்துல போகுது, எவ அழகி இதை விட. பெல்லை அடிச்சேன். எதிர்ல ஆளே இல்ல, சும்மா அடிச்சேன். டிரிங் டிரிங்னு பூப்பூவாக் கேக்குது. ஒரு வருஷமாக் கொட்டாயில தூசியில கெடந்த பெல்லு. துரு ஏறி நரநரன்னுல்ல கேக்கணும்? ... சரி, நல்ல பெல்லு. ஊரு முழுக்க ஸ்கூட்டி வந்துருச்சு, எங்கூட மைதானத்துல விழுந்து எந்திரிச்சவளுக எல்லாம் இப்ப மகன் வண்டியில ஒருக்களிச்சு உக்காந்துக்கிட்டு மூட்டுவலிங்கிறாளுக. காலை நடை போறானுங்க, கை வீசிக்கிட்டு, எத்தனை அடி நடந்தேன்னு கைக்கடிகாரத்தைக் கேட்டுக்கிட்டு. வெயிலுக்கு முன்னாடி போயி வெயிலுக்கு முன்னாடி வந்துருவானுங்க. வெயில் இல்லாம எதுக்குடா வெளிய வர்றீங்க? வெயில்தான்டா எல்லாம்.

நார்த்தாமலை வளைவுல திரும்பினப்பதான் உறைச்சுது. இந்நேரத்துக்கு நடை சாத்தியிருக்குமே. எந்தக் கோயில்ல உச்சி வெயில்ல சாமி உக்காந்திருக்கும்? கோவத்துல கிளம்பினவளுக்குப் புத்தி எங்க இருந்துச்சு. சாத்தட்டும், கதவைப் பாத்துட்டுத் திரும்புவேன், வேண்டுதல் நிறைவேறிடுச்சுன்னு எழுதிக்கட்டும். கோயில் வாசல் வெறிச்சோடிக் கிடக்கு. பெரிய கதவு சாத்தி, பூட்டு தொங்குது. வேப்பமரத்தடியில ஒரே ஒரு கிழவி எலுமிச்சம்பழ மாலையும், உப்புப் பொட்டலமும், தகட்டுல அடிச்ச கை, கால், கண்ணும் பரப்பி வச்சுக்கிட்டு விசிறிக்கிட்டிருக்கு. சைக்கிளை விட்டு இறங்கினேன், கால் ரெண்டும் தந்தி அடிக்குது, ஆனா நிக்குது. மொபெட்டும் வந்து நின்னுச்சு. மனுஷன் மூஞ்சி செவந்து வெந்து போயிருக்கு, எனக்கு மேல வேர்த்திருக்கு. பூட்டைப் பாத்துட்டு, "என்ன இது, பூட்டிக் கிடக்கு? சாமிக்குமா மத்தியானச் சாப்பாட்டு நேரம்?"ங்கிறாரு. நிசமாவே கேக்குறாரு. இதுகூடத் தெரியாம ஒரு பக்தரு. கிழவிதான், "சாயங்காலம்தான் தொறப்பாக. வேண்டுதலா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமா, வேண்டுதல்தான்"னாரு. மேடையில பேசுற குரல்ல. "என்னய்யா வேண்டுதல்? மாவிளக்கா, பால்குடமா, பூக்குழியா?" "அது வந்து... பொதுவா." "பொதுவான்னா?" "பொதுவான வேண்டுதல்தான். இவ நடந்து வரணும்னு." கிழவி என் சைக்கிளைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, என் கறுப்புச் சட்டையைப் பாத்துச்சு. "சரி, முடிஞ்சு வச்ச காசைக் கொண்டாந்தீகளா? அதைத்தானே மொதல்ல உண்டியல்ல போடணும்." மனுஷன் முழிக்கிறாரு. முழிக்கத்தான் செய்வாரு. வேண்டிக்கிட்டா உடனே ஒரு காசை மஞ்சத் துணியில முடிஞ்சு சாமி மாடத்துல வைக்கணும், நிறைவேத்துற அன்னைக்கு அதோட வந்து நிக்கணும், இது எங்க பக்கத்துல பிறந்த பிள்ளைக்குத் தெரியும். காசு முடியாத வேண்டுதல் வேண்டுதலே இல்ல. வீட்டுல மஞ்சத் துணியும் இல்ல, மாடமும் இல்ல. இருந்தாலும் மனுஷன் தோக்க மாட்டாரே. "இங்கதான் வச்சேன்"னு பேண்ட் பைக்குள்ள கையை விட்டுத் துழாவுறாரு, மஞ்சத் துணி தானா முளைச்சு வரப்போற மாதிரி. ஒவ்வொண்ணா வெளிய வருது. கைக்குட்டை. மொபெட்டு சாவி. என் மாத்திரை அட்டை, மத்தியானத்துக்கு உள்ளது. அப்புறம் ஒரு சின்ன எண்ணெய் டப்பி. அப்புறம் ஒரு துண்டு வால்வு ட்யூப். அப்புறம் தேஞ்சு போன ரெண்டு பழைய பிரேக் கட்டை, என் சைக்கிளோடது, எனக்குத் தெரியாதா.

கல்லு மாதிரி காத்து. மினுங்குற செயினு. பூப்பூவாக் கேட்ட பெல்லு. பள்ளத்துல அமுக்கினதும் நின்ன பிரேக்கு. ஒரு வருஷமாக் கெடந்த சைக்கிள்ல எவன்டி காத்தடிப்பான், அதைக்கூட யோசிக்காம உன் காலு பெருமையை நீயே பேசிக்கிட்டு வந்தியே, மடச்சி. கொட்டாயில தட்டிக்கிட்டும் தேய்ச்சுக்கிட்டும் இருந்தது இதைத்தானா. சைக்கிளை எடுன்னு சொன்னா நான் எடுக்க மாட்டேன்னு தெரியும். சுவத்தை விட்டுத் திரும்புன்னா திரும்ப மாட்டேன்னு தெரியும். வெறுங்காலோட நட, விடியக்காலம் நட, அதுவும் சாமிக்காக நடன்னு சொன்னா, பொங்கி எந்திரிச்சு இதைத்தான் செய்வேன்னும் தெரியும். இந்த மனுஷன் எந்தச் சாமியையும் கும்பிடல. தியேட்டர் வாசல்ல கண்ணை மூடல. டாக்டரு ஒண்ணும் தனியாச் சொல்லல. எனக்காகக்கூட விழல. ஆனா விழுந்துட்டேன்னு எங்கிட்டச் சொல்லி, என்கிட்டயே அவமானப்பட்டு, அந்த வசவு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, ஒரு நூறடி தள்ளி வெயில்ல வெந்துக்கிட்டு வந்திருக்காரு. ஓங்கி ஒரு அறை விடணும்னு இருக்கு. அந்த வெந்த மூஞ்சியைப் பாக்கச் சிரிப்பும் வருது, என்ன எழவோ கண்ணுல தண்ணியும் வருது. வேர்வைதான்.

பிரேக் கட்டையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஒளிக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறாரு போல. கிழவி, "இது என்னய்யா காணிக்கை?"ங்குது. "ஏன் மாரிமுத்து"ன்னேன். முப்பது வருஷத்துல அந்தப் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்ல. திடுக்குன்னு நிமிந்தாரு. "ஆத்தா எத்தனை மணிக்குத் தூங்குவான்னு தெரியாத மூஞ்சி, ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்னு சொல்லுமா? பொய் சொல்றதை ஒழுங்காச் சொல்லத் தெரியுதா உங்களுக்கு?" செருப்பு நுனியால மண்ணைக் கிளறிக்கிட்டே, "எந்திரிச்சியே"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. மாத்திரை அட்டையைப் பிடுங்கி, ஒண்ணைப் பிதுக்கி வாயில போட்டு, கிழவியோட சொம்புத் தண்ணியைக் குடிச்சேன். மிச்சத்தை மண்டையில ஊத்திக்கிட்டேன். கிழவிகிட்ட ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி ஹேண்டில்ல செருகினேன், பாவம், கிழவி நேரத்தையும் கெடுத்தாச்சு. ஏறி உக்காந்ததும் மெதுவா ஆரம்பிச்சாரு, "புதன்கிழமை..."ன்னு. "வரேன்"னேன். "வந்து தொலையிறேன். ஸ்கேன்ல என்ன வந்தாலும் எங்கிட்டச் சொல்லணும், எனக்கு முன்னாடி உங்ககிட்டச் சொன்னா அந்த டாக்டரு மண்டையை உடைப்பேன். இன்னொரு சாமி பேரை இழுத்தீங்க, உங்க மண்டையை உடைப்பேன்." தலையாட்டுறாரு, அப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேத்த பிள்ளை கணக்கா.

திரும்பி மிதிச்சேன். வெயில் இன்னும் ஒரு பொட்டு குறையல. தொடை எரியுது, தாரு ஒட்டுது, தையல் இழுக்குது. இழுக்குது, வலிக்குது, ரெண்டும்தான், என்ன இப்ப. அந்த இறக்கம் இப்ப ஏத்தமா வரும், நின்னு மிதிக்கணும், நுங்குக்காரன் இருப்பான். பின்னாடி டுர்ர்னு மொபெட்டு சத்தம், நூறடி தள்ளி. திரும்பிப் பாக்கல. திரும்பிப் பாத்தா விழுந்துருவேன், எனக்கு அது பழக்கம். முன்னாடி பாத்துக்கிட்டே, தொண்டை கிழியக் கத்துனேன்: "பிடிச்சிருக்கீங்களா?" அப்புறம் அனல் காத்துல, அவ்வளவு தூரத்துலருந்து, காதுக்குப் பக்கத்துலயே கேட்ட மாதிரி வந்துச்சு அந்தக் குரலு.

"பிடிச்சிருக்கேன், மிதி!"

பொய்யி. வாய்கூசாத பச்சைப் பொய்யி. நான் மிதிச்சேன்.